பழைய லேப்டாப்பில் மின்னஞ்சல்: எந்த மென்பொருளை வைக்கலாம்?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அவருடைய லேப்டாப் இருக்கும். 4 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பிடம். காலையில் கோப்பியோடு உட்கார்ந்து உலாவியில் ஜிமெயிலைத் திறப்பார். பக்கத்து டேப்பில் தமிழ் முரசு, இன்னொன்றில் அவர் செயலாளராக இருக்கும் வாசகர் வட்டத்தின் கணக்கு. அவ்வளவுதான், உள்ளே விசிறி இரைய ஆரம்பித்துவிடும். அவர் தட்டிய சொல் திரைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த சொல் மறந்துபோகும். “ஏம்மா, ஒரு கடுதாசி எழுத இந்தப் பாடா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்று அவர் மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவருக்கு மனமில்லை. விசைகள் நன்றாக இருக்கின்றன, திரை நன்றாக இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்பார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. உலாவியை நம்பாமல், மின்னஞ்சலுக்கென்றே எழுதப்பட்ட ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொண்டால் போதும். இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. அடுத்த மூன்று மாதம், ஞாயிறுதோறும் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். வீட்டில் அப்பாவோ மாமாவோ இதே நிலையில் இருந்தால் எங்கள் அனுபவம் உங்களுக்கு நேரம் மிச்சப்படுத்தும்.

எடை என்று எதைச் சொல்கிறோம்

தேட ஆரம்பித்தபோது, நினைவகத்தை எது குறைவாகத் தின்னும் என்று மட்டும்தான் பார்த்தேன். இப்போது நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. மடல்கள் எங்கே, எந்த வடிவில் கிடக்கின்றன? நாளைக்கு இந்த மென்பொருள் வேண்டாம் என்று தோன்றினால் அவற்றை அள்ளிக்கொண்டு போக முடியுமா?

அப்படிக் கேட்க வைத்தவை சித்தப்பாவின் அலமாரியில் இருந்த இரண்டு குறுந்தட்டுகள். 1997 மே மாதம் தமிழ் இணைய முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய ‘தமிழ்நெட் 97’ மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. கணினிக்குள் தமிழைக் கொண்டுவருவது பற்றி இங்கே ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்த காலம். அப்போது தமிழாசிரியராக இருந்த சித்தப்பா அந்த ஆண்டில்தான் முதல் மின்னஞ்சல் முகவரி வாங்கினார். தஞ்சாவூரிலும் கோலாலம்பூரிலும் இருந்த நண்பர்களோடு தமிழிலேயே எழுதிக்கொண்டார். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறிகளைத் தரும் யுனிகோட் பரவாத நாள்கள் அவை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம்.

முதல் குறுந்தட்டில் இருந்தவை வெறும் எழுத்துக் கோப்புகள். திறந்ததும் தலைகால் புரியாத குறிகளாகத் தெரிந்தன. ஆனால் திறந்தன. குறியேற்ற மாற்றியில் போட்டதும் “அன்புள்ள நண்பருக்கு” என்று வரி எழுந்து வந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

இரண்டாவது குறுந்தட்டில் அதற்குப் பிந்திய ஐந்தாறு ஆண்டு மடல்கள். அப்போது அவர் பயன்படுத்திய மென்பொருள் எல்லாவற்றையும் தனக்கு மட்டுமே புரியும் ஒரே கோப்பில் அடைத்து வைத்திருந்தது. அந்த மென்பொருள் இன்று கிடைப்பதில்லை. கோப்பு இருக்கிறது, எத்தனை எம்பி என்று தெரிகிறது, படிக்கத்தான் வழியில்லை. அவருடைய தஞ்சாவூர் நண்பர் இறப்பதற்கு முன் எழுதியவை அதற்குள்தான் இருக்கின்றன. அந்தத் தட்டை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை.

அதனால் என் கணக்கில், மடலைச் சுலபமாக வெளியே எடுக்க விடுவதுதான் எடை குறைந்த மென்பொருள். நினைவகம் அதற்கு அடுத்தது.

உள்ளே நுழையவே முடியாதவை

எடை பார்ப்பதற்கு முன் ஒரு வாசல் இருக்கிறது. கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டினால் போதும் என்ற காலம் போய்விட்டது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெளி மென்பொருள் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தியது. ஹாட்மெயில், அவுட்லுக் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 அன்று அதையே செய்தது. இப்போது ஓஆத் என்ற முறைதான். ஒரு சாளரம் திறக்கும், அங்கே உள்நுழைந்து நாமே அனுமதி கொடுக்க வேண்டும். ஜிமெயிலில் மட்டும் இன்னொரு வழி உண்டு. இரண்டு படிச் சரிபார்ப்பை முடுக்கிவிட்டு, அந்த மென்பொருளுக்கென்று 16 எழுத்தில் தனிக் கடவுச்சொல் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வாசலில் நின்றுவிட்டது சில்ஃபீட். எனக்கு வருத்தம்தான். ஜப்பானியரான ஹிரோயுகி யமமோட்டோ எழுதியது, இறகு போல் இருக்கும், பழைய கணினியிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். ஆனால் அதன் கடைசி நிலையான பதிப்பு 2018இல் வந்தது. அதில் ஓஆத் கிடையாது. ஹாட்மெயிலுக்குள் அதனால் போக முடியாது. அதைவிட, இத்தனை ஆண்டு திருத்தம் காணாத மென்பொருளில் முகம் தெரியாதவர்கள் அனுப்பும் மடலைத் திறக்கச் சொல்லி எழுபது வயதுக்காரரிடம் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

விண்டோஸோடு வந்த ‘மெயில்’ செயலியைத்தான் சித்தப்பா ஒரு காலத்தில் பயன்படுத்தினார். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 இறுதியோடு முடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு வந்தது புதிய அவுட்லுக். இலவசம்தான், பார்க்கவும் அழகு. ஆனால் உள்ளே அது இணையப் பக்கத் தொழில்நுட்பத்தில்தான் ஓடுகிறது. உலாவியின் பாரத்திலிருந்து தப்பிக்க வந்தவருக்கு அது விடையாகாது. சந்தா கட்டாதவர்களுக்கு மடல் பட்டியலுக்கு நடுவே விளம்பரமும் வரும். என்னைத் தயங்க வைத்தது மூன்றாவது விஷயம். ஜிமெயில் போன்ற வேறு நிறுவனக் கணக்கை அதில் சேர்த்தால், அந்த மடல்கள் மைக்ரோசாஃப்டின் சேவையகத்துக்கும் நகலாகின்றன. சித்தப்பாவிடம் சொன்னதும், “என் வீட்டுக் கடுதாசிக்கு எதுக்கும்மா இன்னொரு தபாலாபீஸ்?” என்றார். அத்தோடு முடிந்தது.

மெயில்ஸ்பிரிங் என்ற ஒன்றும் கண்ணில் பட்டது. அதன் முகப்பு எலக்ட்ரானில் எழுதப்பட்டது, அதாவது உள்ளே ஒரு உலாவியே உட்கார்ந்திருக்கிறது. 8 ஜிபி இருந்தால் பார்க்கலாம்.

இஎம் கிளையண்ட் செக் நாட்டு நிறுவனம் ஒன்று தருவது. நாள்காட்டி, தொடர்பு முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் பாங்காக இருக்கும், அமைப்பதும் சுலபம். இலவச உரிமத்தில் இரண்டு கணக்கு மட்டும், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. சித்தப்பாவிடம் மூன்று முகவரிகள் இருக்கின்றன. ஒன்று ஜிமெயில், ஒன்று ஹாட்மெயில், ஒன்று பழைய இணையச் சேவை நிறுவனம் கொடுத்தது. அதுவே போதுமான காரணம். இரண்டே கணக்கு, சொந்த மடல் மட்டும் என்று இருப்பவர்கள் இதைத் தாராளமாக எடுத்துப் பார்க்கலாம். மடல்களைத் தனித்தனிக் கோப்பாக வெளியே எடுக்கவும் விடுகிறது.

மிஞ்சியவை இரண்டு

கடைசியில் மேசையில் நின்றவை கிளாஸ் மெயிலும் தண்டர்பேர்டும். இரண்டும் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் திறமூல மென்பொருள்கள், இரண்டும் விண்டோஸிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் ஓடும்.

முதலில் கிளாஸ் மெயிலைத்தான் போட்டேன். நான் என் சொந்தக் கணினியில் அதைத்தான் வைத்திருக்கிறேன், அதன் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. 2001இல் சில்ஃபீடிலிருந்து கிளைத்தது, இன்றும் உயிரோடு வளர்கிறது. தாய் நின்ற இடத்தில் பிள்ளை நிற்கவில்லை. ஒவ்வொரு மடலையும் ஒரு தனிக் கோப்பாக வைக்கிறது. ஃபோல்டருக்குள் போனால் 1, 2, 3 என்று எண் போட்ட கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கலாம். நான் மேலே சொன்ன கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. முதல் குறுந்தட்டில் இருந்த பழைய மடல்களையும் இதற்குள் ஒரு தனி ஃபோல்டரில் ஏற்றினேன். பல்லாயிரம் மடல் இருந்தாலும் தேடல் வேகமாக இருக்கிறது. அந்த லேப்டாப்பில் திறந்து வைத்தபோது விசிறிச் சத்தமே இல்லை.

தமிழுக்கு இரண்டு இடத்தில் கைவைக்க வேண்டியிருந்தது. மடல் எழுத்துருவாக அது எடுத்துக்கொள்வது சம அகல எழுத்துரு. அதில் தமிழ் பல் விழுந்த வாய் போல் இருந்தது. அமைப்புகளில் எழுத்துருவை மாற்றியதும் சரியாகிவிட்டது. அடுத்தது வரி மடிப்பு. 72 எழுத்துக்கு ஒரு முறை வரியை வெட்டும். ஆனால் யுனிகோட் எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. ‘சிங்கப்பூர்’ நமக்கு 6 எழுத்து, யுனிகோடுக்கு 11 குறி. அதனால் தமிழ் வரிகள் பாதியிலேயே ஒடிந்து நின்றன. தானாக மடிக்கும் வசதியை அணைத்துவிட்டோம். வெளியே போகும் மடலின் குறியேற்றம் யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் வடிவம் என்று நிலைப்படுத்துவதும் நல்லது, எதிரில் பெறுபவருக்குத் தமிழ் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேராது.

ஓஆத் விஷயத்தில்தான் கிளாஸ் மெயில் படுத்தும். வசதி இருக்கிறது, ஆனால் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ நாமே ஒரு செயலியைப் பதிவு செய்து, அந்த அடையாள எண்ணைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஜிமெயிலுக்கு அந்த 16 எழுத்துக் கடவுச்சொல்லை வைத்துச் சமாளித்தேன். ஹாட்மெயில் கணக்கை அப்போதைக்குத் தள்ளி வைத்தோம்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு வாசகர் வட்டத்தின் கூட்ட அறிவிப்பை அனுப்பும் நாள் வந்தது. தலைப்பு தடித்த எழுத்தில், தேதி சிவப்பில், கீழே கூட்டம் நடக்கும் நூலகத்துக்குப் போகும் வழிப்படம். இருபது ஆண்டாக அவர் அப்படித்தான் அனுப்புகிறார். கிளாஸ் மெயிலில் வெறும் எழுத்தாக மட்டுமே எழுத முடியும். இது குறையல்ல, அதை எழுதுபவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு, எனக்கு அது பிடிக்கவும் செய்கிறது. சித்தப்பாவுக்கு ஒத்துவரவில்லை. அறிவிப்பை மட்டும் உலாவியில் போய் எழுத ஆரம்பித்தார். பழையபடி விசிறி இரைந்தது.

அப்புறம்தான் தண்டர்பேர்டுக்கு மாறினோம். மாற்ற எனக்கு ஒரு சாயங்காலம்தான் ஆனது. ஜிமெயில் ஐமேப் முறையில் இருந்ததால் மடல்கள் சேவையகத்திலேயே இருந்தன, கணக்கைச் சேர்த்ததும் தாமாக வந்தன. பழைய நிறுவன முகவரியிலிருந்து பாப் முறையில் கணினிக்கே இறக்கியவையும் குறுந்தட்டு மடல்களும்தான் கையால் நகர்த்த வேண்டியவை. கிளாஸ் மெயிலிலிருந்து அவற்றை எம்பாக்ஸ் என்ற பொது வடிவில் வெளியே எடுத்து, தண்டர்பேர்டின் உள்ளூர் ஃபோல்டரில் போட்டுத் திரும்பத் திறந்தேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரண்டாவது குறுந்தட்டுக்கு இது நடந்திருக்கலாமே என்று அப்போது இருவருக்குமே தோன்றியது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தண்டர்பேர்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. மொசில்லா குடும்பத்தைச் சேர்ந்தது, பயனாளர்களின் நன்கொடையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஜிமெயில், ஹாட்மெயில் எதுவானாலும் முகவரியைத் தட்டியதும் அனுமதிச் சாளரம் தானே திறக்கிறது. அந்த ஒரு வசதிக்காகவே வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்வேன். தடித்த எழுத்து, நிறம், படம் எல்லாம் உண்டு.

எடை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிளாஸ் மெயிலின் பக்கத்தில் வைத்தால் இது கனமானதுதான். சில நூறு எம்பி நினைவகம் எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் 4 ஜிபி கணினியில் முதல் நாளே முகம் சுளிக்க வைக்கும். ஏனென்றால் அன்று அது எல்லா மடல்களையும் இறக்கி, தேடலுக்காக அட்டவணையும் போட்டுக்கொண்டிருக்கும். நான் செய்த மாற்றங்கள் இவை. பொது அமைப்பில் உலகளாவிய தேடல் அட்டவணையை அணைத்தேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் தேடுவது அதன் பிறகும் வேலை செய்யும். ஐமேப் கணக்குகளில் எல்லா மடலையும் இறக்காமல் அண்மைய 90 நாள் மடல்களை மட்டும் கணினியில் வைக்கச் சொன்னேன். ஜிமெயிலின் ‘அனைத்து மடல்கள்’ ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், ஒரே மடல் இரண்டு இடத்தில் தெரிவது நின்றது. அதன் பிறகு சித்தப்பா எந்தக் குறையும் சொல்லவில்லை. உலாவியை மூடி வைத்துவிட்டுத் தட்டினால் எழுத்து விரலோடு வருகிறது.

தண்டர்பேர்டு மடல்களை வைப்பதும் அந்த எம்பாக்ஸ் வடிவத்தில்தான். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு ஃபோல்டரின் மடல்கள் எல்லாம் ஒரே நீளக் கோப்பாக இருக்கும். அழித்த மடலும் உடனே போகாது, ‘சுருக்கு’ என்ற வேலை நடக்கும்வரை கோப்புக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். 128 ஜிபி உள்ளவர்கள் அதை அவ்வப்போது செய்ய வேண்டும். இன்னொன்று, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரே ஒரு கெட்ட மடலைக் கண்டு, இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தூக்கித் தனிமையில் போட்டுவிடக்கூடும். தண்டர்பேர்டின் ஃபோல்டரை அதன் வருடலிலிருந்து விலக்கி வைத்தேன். இணைப்பைக் கணினியில் சேமிக்கும்போது அது எப்படியும் பார்த்துக்கொள்ளும்.

ஏமாற்று மடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதுதான் பெரிய தலைவலி. பொட்டலம் வந்திருக்கிறது, சுங்கவரி 2 வெள்ளி கட்டுங்கள் என்று வரும். வரிப் பணம் திரும்ப வருகிறது என்று வரும். இரண்டு மென்பொருள்களும் மடலுக்குள் இருக்கும் வெளிப் படங்களைக் கேட்காமல் இறக்குவதில்லை, அதனால் மடலைத் திறந்த செய்தி அனுப்பியவனுக்குப் போகாது. தண்டர்பேர்டில் மடலை வெறும் எழுத்தாகக் காட்டச் சொல்லலாம். அப்போது பொத்தானும் சின்னமும் உதிர்ந்துபோய், இணைப்பின் உண்மையான முகவரி வெளியே வந்து நிற்கும். அரசாங்க இணையத்தளமென்றால் முகவரி கவ் டாட் எஸ்ஜி (.gov.sg) என்று முடிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். கிளாஸ் மெயில், காட்டும் முகவரியும் போகும் முகவரியும் வேறாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். இந்த இடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

லினக்ஸுக்குப் போவதாக இருந்தால்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. சித்தப்பாவின் லேப்டாப் விண்டோஸ் 11 ஏற்காது. கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் திட்டத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன், அது 2026 அக்டோபர் வரைதான். அதற்குள் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்டுக்கு மாற்றிவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

அங்கே போனால் ஜியரி என்ற இன்னொரு தேர்வு திறக்கிறது. எளிமையானது, உரையாடல் போல மடல்களைக் கோத்துக் காட்டும். ஐமேப் மட்டும்தான், பாப் கிடையாது. பழைய மடல்களைக் கணினியில் தனியாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது கதவை அடைக்கிறது. எவல்யூஷனில் நாள்காட்டி, அலுவலக எக்ஸ்சேஞ்ச் கணக்கு எல்லாம் சேரும், ஆனால் இந்தக் கணினிக்கு அது பெரிய சட்டை. கறுப்புத் திரையில் ஓடும் மட் பற்றிச் சில நண்பர்கள் சொன்னார்கள். எடையில் அதை எதுவும் வெல்லாது. ஆனால் முனையம் எனப்படும் அந்தக் கறுப்புத் திரைகளில் பெரும்பாலானவற்றில் தமிழின் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். தமிழில் எழுதுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தண்டர்பேர்டில் இருப்பதை மிண்டுக்குக் கொண்டுபோக அதன் சுயவிவர ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் போதும். கணக்குகள், மடல்கள், முகவரிகள், எழுத்துரு அமைப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மென்பொருளை மூடிவிட்டு நகலெடுக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சித்தப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அவரே ஒரு யுஎஸ்பியில் எடுத்து வைக்கிறார். மேலே ஒட்டிய காகிதத்தில் தேதி போட்டு, ‘கடுதாசிகள்’ என்று எழுதி, அந்த இரண்டு குறுந்தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.